ரையா வைக்காத புள்ளி

ஓமானின் பிதியா மணல்வண்டிக் கழகத்தின் தலைவர் ஹமூத் அவர்களே! வெண்தாடி வேந்தர்களே! பக்கத்துப் பந்தலில் அமர்ந்து எங்கள் கூச்சலைப் பொறுத்தருளும் தாய்மார்களே! வெளியே வண்டிகளை முறுக்கி நிறுத்திவிட்டு, உள்ளே முகத்தை முறுக்கி அமர்ந்திருக்கும் தம்பிமார்களே!

முதலில் மன்னிப்பு. என் கையிலிருக்கும் தாளை யாரும் எட்டிப் பார்க்காதீர்கள். மணலில் வண்டு நடந்த தடம் போல எழுத்துகள் கோணிக் கிடக்கும். எழுபத்தொரு வயதில் எழுதப் பழகிய கை. நான்கு நாள் எழுதினேன். நானே எழுதினேன்! அந்த ஆனந்தத்தை அனுபவிக்க விடாமல் ஆத்திரப்பட வைத்துவிட்டீர்களே, அதைக் கேட்கத்தான் மேடை ஏறியிருக்கிறேன்.

இன்று எதற்குக் கூடினோம்? ரையாவைக் கழகத்தை விட்டு நீக்க! பத்தாண்டு நம்மோடு மணல்மேடு ஏறியவள். நம் வண்டிகளின் வயிற்றைத் தன் பட்டறையில் திறந்து மூடியவள். புதிதாக வந்த எழுநூறு குதிரைத்திறன் பிக்கப்பை ஓட்டிப் பார்த்து, மாத இதழில் ஒரு பக்கம் எழுதினாள். அதில் ஒரு வரியை மஹாத் படம் பிடித்து நம் வாட்ஸப் குழுவில் போட்டான். 'மேட்டில் ஒரு சின்ன ஒட்டகம் இதை வென்றுவிடும்.'

பற்றியது தீ! என்னவெல்லாம் பேசினீர்கள்?

"பொம்பளைக்கு பிக்கப்பப் பத்தி என்னடா தெரியும்?"

"என் வண்டியச் சொன்னா என்னைப் பெத்தவளச் சொன்ன மாதிரி!"

"இனி அவ பட்டறை வாசல்ல எவன் வண்டியும் நிக்கக் கூடாது!"

ஆறு பேர், பாதி பிரித்துப் போட்ட வண்டிகளைக் கயிறு கட்டி இழுத்து வந்தீர்கள். வெட்கமாக இல்லையா?

மஹாத் என்ன செய்தான்? போன வெள்ளிக்கிழமை ஓர் ஒட்டகக் கன்றைப் பின்னால் ஏற்றிக்கொண்டு, "எது ஜெயிக்குதுன்னு பாப்போம்!" என்று மேட்டைப் பார்த்து முடுக்கினான். பாதி மேட்டில் பின்பக்கம் புதைந்தது, முன்பக்கம் எழும்பியது, வண்டி சாய்ந்தது. மஹாத்துக்குக் கை உடைந்தது. கன்றுக்கோ கட்டுதான் அறுந்தது. எழுந்து உதறிக்கொண்டு, மேட்டின் உச்சிக்கு நடந்தே போய் நின்று நம்மைத் திரும்பிப் பார்த்தது!

சிரிக்கிறீர்களா? அன்று சிரித்தீர்களா? "எல்லாம் ரையாவால வந்த வினை" என்றல்லவா எழுதினீர்கள்!

மஹாத் வீட்டுக்குப் போனேன். கட்டுப்போட்ட கையோடு கிடந்தான். அந்த இதழைக் கேட்டேன்.

"அதான் படத்துலயே இருக்கே மாமா, தாளு எதுக்கு?"

"நீங்கல்லாம் கண்ணால படிக்கிறவங்கடா. நான் விரலால படிக்கிறவன். எடு தாள."

விரல் வைத்து எழுத்தெழுத்தாகப் படித்தேன். ஒட்டகத்துக்கு நம் அரபு எழுத்தில் ஜமல். சுமைக்கு ஹம்ல். இரண்டுக்கும் ஒரே உருவம். முதல் எழுத்தின் வயிற்றில் புள்ளி இருந்தால் ஒட்டகம், இல்லாவிட்டால் சுமை. என் ஆசிரியை மூன்று வாரம் என்னை வதைத்த பாடம்! பார்த்தேன். அந்தப் பக்கத்தில் எல்லாப் புள்ளியும் கறுப்பு. இந்த ஒரு புள்ளி மட்டும் பழுப்பு. நகத்தால் சுரண்டினேன். நாக்கில் வைத்தேன்.

இனித்தது, ஐயா! ஹல்வா!

"ஏண்டா மஹாத், ஹல்வா தின்னுக்கிட்டேவா படம் புடிச்ச?"

"காவாக் காப்பியோட கொஞ்சமாத்தான் மாமா..."

ரையா எழுதியது என்ன? 'மேட்டில் ஒரு சின்னச் சுமை இதை வென்றுவிடும்.' அடுத்த வரி: 'பின்னால் தண்ணீர்த் தொட்டி ஏற்றி மேட்டுக்குப் போகாதீர்கள், கவிழும்.' அதற்கும் அடுத்த வரி, கேளுங்கள்: 'சமமான மணலில் இதைவிட அழகாக ஓடும் வண்டியை நான் ஓட்டியதில்லை.' புகழ்ந்திருக்கிறாள்! முந்நூறு பேரில் ஒருவராவது அந்த வரி வரைக்கும் வந்தீர்களா?

என்ன ஹமூத்? நேரமாகிறதா? ஆகட்டும்! அவளைத் திட்டுவதற்கு நேரம் பார்த்தீர்களா?

அந்த வண்டிக்கு உங்கள் பெயர் தெரியுமா? அதைச் செய்தவனுக்கு உங்கள் முகம் தெரியுமா? கவிழ்ந்தால் வருவானா? ரையாவுக்குத் தெரியும், யார் வண்டியின் பிரேக் எந்தக் குரலில் அழும் என்று. உங்கள் கழுத்து முறியக் கூடாது என்று ஒருத்தி எழுதினாள். ஒரு துளி ஹல்வாவை நம்பி அவள் பிழைப்பின் கழுத்தை முறிக்கக் கூடியிருக்கிறீர்கள்! எழுபது ஆண்டு, அடுத்தவன் படித்துச் சொன்னதை நம்பிக் கிடந்தேன். எனக்கு வேறு வழி இல்லை. படிக்கத் தெரிந்த உங்களுக்கு என்ன கேடு?

போதும். ரையா நம்மோடு இருக்க வேண்டும் என்பவர்கள் கையைத் தூக்குங்கள்.

என்ன, ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கிறீர்கள்? அதோ! முன்வரிசையில் ஒரு கை. மஹாத்! என்னடா முனகுகிறாய்?

"வலது கை கட்டுல இருக்கு மாமா. பெரியவங்க முன்னால இடது கையத் தூக்குறது மரியாதை இல்லையே..."

"தூக்குடா! இன்னிக்கு அதுதான் மரியாதை!"

இன்னொன்று. இன்னும் நான்கு. தாய்மார் பந்தலில் எல்லாமே! தலைவரே, எண்ணிக் களைக்காதீர்கள், உங்கள் கையையும் தூக்குங்கள்.

பொறுத்துக் கேட்ட பெரியோருக்கும், திட்டு வாங்கிய தம்பிமார்க்கும் என் நன்றி. அடுத்த வாரம் மறுபடி எழுதுவேன். ரையாவுக்கு, கழகத்தின் மன்னிப்புக் கடிதம். இதே கோணல் கையெழுத்தில் நானே எழுதுவேன். அதுவரை அந்தத் தாள் பக்கம் ஹல்வாத் தட்டோடு எவனும் வரக் கூடாது. உங்கள் எல்லோர் மீதும் சாந்தி உண்டாகட்டும்.