அபராத அம்மாவுக்கு எங்கள் லாரிக் கொட்டகை வாசித்தளிக்கும் மடல்

வேகத்தை வெறுத்தவரே! விவேகத்தை விதைத்தவரே! கொட்டகையின் கண்டிப்பே! கோபத்திலும் குறையாத கனிவே! உரிமத்தை உயிர்போல் காக்கச் சொன்ன உத்தமியே! விபத்துப் பிரிவின் எழுத்தராக வந்து, எங்கள் எல்லோரையும் சட்டம் படிக்க வைத்து, இன்று ஓய்வு பெற்றுப் போகும் அம்மா அவர்களே! வணக்கம்.

மடல் இப்படித்தான் தொடங்க வேண்டும் என்று கணக்குப்பிள்ளை சொன்னார். தொடங்கியாயிற்று. இனி உள்ளதைச் சொல்கிறோம்.

இருபத்திரண்டு ஆண்டுகளுக்கு முன் நீங்கள் வந்தபோது இங்கே யாரும் உங்களை நம்பவில்லை. ஓட்டுநர்கள் மீது விழும் வழக்குகளை ஒருவர் உட்கார்ந்து துருவித் துருவிப் படித்தால், அவர் முதலாளியின் ஆளாக இருக்க வேண்டும், இல்லையென்றால் போலீசின் ஆளாக இருக்க வேண்டும் என்பது டயர்ப் பிரிவின் தீர்ப்பு. டயர்ப் பிரிவு என்றால் இதை எழுதும் நான்தான். எந்தக் குற்றத்துக்கு என்ன தண்டனை என்று நீங்கள் சொன்னதையெல்லாம் நீதிமன்ற வாசலில் இரண்டு வக்கீல்களிடம் தனித்தனியாகக் கேட்டுப் பார்த்தேன். இருவரும் காசு வாங்கிக்கொண்டு, நீங்கள் சும்மா சொன்னதையே சொன்னார்கள். விசாரித்த பிறகுதான் பாராட்டுகிறேன். விசாரிக்காமல் பாராட்டுவது எனக்குப் பழக்கமில்லை.

கண்டிப்பின் கருவூலமே! உங்கள் பெருமை புதியவர்களுக்கு விளங்க வேண்டுமானால் எங்கள் ரசீது வழக்கத்தைச் சொல்லியாக வேண்டும். இந்தக் கொட்டகையில் ஒருவர் காலையில் அபராதம் கட்டிவிட்டால், அந்த ரசீது அன்று முழுவதும் செல்லும் என்று நம்பினார்கள். வேகத்துக்குக் கட்டியது, சிவப்பு விளக்குக்கும் செல்லும். அதிகப் பாரத்துக்குக் கட்டியது, வேகத்துக்கும் செல்லும். வண்டி கைமாறும்போது சாவியோடு ரசீதும் கைமாறும். “இன்னிக்கு வண்டிக்குக் கட்டியாச்சுப்பா, பயப்படாம போ” என்று முதுகில் தட்டி அனுப்புவார்கள். எங்கோ ஒரு போலீஸ்காரர் ரசீதைப் பார்த்து இரக்கப்பட்டு ஒருநாள் விட்டுவிட்டார். அதுவே எங்களுக்குச் சட்டமாகிவிட்டது.

காற்றாடியும் அதை நம்பினான். ஸ்டியரிங்கைப் பிடித்தால் ஆடிக்கொண்டே போவான் என்பதால் அந்த ஓட்டுநருக்கு நாங்கள் வைத்த பெயர் அது. ஒருநாள் காலையில் வேகத்துக்கு அபராதம் கட்டினான். மதியம் சிவப்பு விளக்கைத் தாண்டிப் போய், சைக்கிளில் வந்த ஒரு தையல்காரப் பெண்ணை இடித்தான். கால் ஒடிந்து மயங்கிக் கிடந்தவரைத் தூக்கிக்கொண்டு போய் ஆஸ்பத்திரியில் சேர்த்தது அவன் செய்த ஒரே நல்ல காரியம். ஓட்டியவர் நிலையத்துக்கு வர வேண்டும் என்று போலீசிலிருந்து கொட்டகைக்குப் போன் வந்தபோது, ரசீதைக் கையில் வைத்துக்கொண்டு, “காலையிலயே கட்டிட்டேனே, மறுபடி எதுக்குக் கூப்பிடுறாங்க?” என்று கேட்டான். திமிரில் கேட்கவில்லை. நிஜமாகவே அவனுக்குப் புரியவில்லை.

அவனுடைய அக்கா புருஷனும் இங்கே மூத்த ஓட்டுநர். அவர் மேல் ஒரு வழக்கும் கிடையாது. சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டு எழுந்தார்.

“நான் போறேன். வண்டியை நான்தான் ஓட்டினேன்னு சொல்லிடுறேன். என் உரிமம் சுத்தமா இருக்கு. அபராதத்தோட விட்டுடுவாங்க.”

நாங்கள் அவரைத் தெய்வம் என்றோம். முதலாளியும் தலையை ஆட்டினார். நீங்கள் கதவை மறித்து நின்றீர்கள்.

“உட்காருங்க அண்ணே.”

“இது குடும்ப விஷயம்மா. நீங்க தலையிடாதீங்க.”

“விளக்கைத் தாண்டினது ஒரு குத்தம். ஆளை இடிச்சது அதைவிடப் பெரிய குத்தம். நீங்க போய்ப் பொய் சொன்னா அது தனிக் குத்தம். அதுக்கு வெறும் அபராதம்னு நினைக்காதீங்க, உள்ள தள்ளிடுவாங்க. ரெண்டு பேரையும். உங்க வீட்டம்மா புருஷனுக்குச் சோறு கொண்டு வருவாங்களா, தம்பிக்குக் கொண்டு வருவாங்களா?”

அவர் உட்கார்ந்தார்.

“பொய் வெளிய வந்தா காப்பீட்டுக்காரன் கையை விரிச்சுடுவான். அப்புறம் அந்தப் பொண்ணு காலுக்கு யாரு பதில் சொல்றது?”

“விடுங்க மாமா, நானே போறேன்” என்றான் காற்றாடி. வாசல்வரை போய்த் திரும்பி, “ரசீதை எடுத்துக்கணுமாம்மா?” என்றான்.

“எடுத்துக்கோ. ஆனா அது உன்னைக் காப்பாத்தாதுப்பா. காலையிலயும் நீ குத்தம் பண்ணினேங்கறதுக்குத்தான் அது சாட்சி.”

அவனோடு நீங்களும் நிலையத்துக்குப் போனீர்கள். அபராதம் விழுந்தது, சில மாதங்களுக்கு உரிமமும் போனது. அந்த மாதங்களில் அவன் என்னோடு டயர் உருட்டினான். சிறைக்கு யாரும் போகவில்லை. தையல்காரப் பெண்ணுக்குக் காப்பீட்டுத் தொகை ஒழுங்காகக் கிடைத்தது.

அயராத ஆசானே! அஞ்சாத அறிவே! அதன் பிறகுதான் சனிக்கிழமைக் காலையில், வண்டி கழுவும் இடத்தில், கவிழ்த்த வாளியை நீதிபதி நாற்காலியாக்கி வகுப்பைத் தொடங்கினீர்கள். அந்த வாரம் யார் பிடிபட்டாரோ அவர் அடிபட்டவராக நடிக்க வேண்டும் என்று விதி வைத்தீர்கள். முதல் வகுப்புக்குத் தையல்காரப் பெண்ணே கோலூன்றி வந்து, “நீங்க கட்டுற அபராதம் என் காலுக்கா, விளக்குக்கா?” என்று கேட்டார்.

அபராதம் கட்டினால் குற்றத்தை ஒப்புக்கொண்டதாகும், செய்யாத குற்றமென்றால் கட்டாமல் நீதிமன்றத்தில் சொல்ல உரிமை உண்டு என்று கற்பித்தீர்கள். அதே குற்றத்தை மறுபடி செய்தால் தண்டனை ஏறும் என்றீர்கள். குடித்துவிட்டு ஓட்டுவதற்கு எந்தச் சமாதானமும் செல்லாது என்றீர்கள். இடித்துவிட்டு ஓடினால், இடித்ததைவிட ஓடியது கழுத்தை இறுக்கும் என்றீர்கள். அளவுக்கு மீறிப் பாரம் ஏற்றினால் ஓட்டியவரோடு ஏற்றச் சொன்னவரும் பதில் சொல்ல வேண்டும் என்று முதலாளியை வைத்துக்கொண்டே சொன்னீர்கள். அன்று அவருக்குத் திடீரென்று இருமல் வந்தது.

அதன் பிறகு இங்கே விபத்தே நடக்கவில்லை என்று நான் புளுக மாட்டேன். நடந்தது. ஆனால் ஒருவரும் ஓடவில்லை. ஒருவரும் அடுத்தவர் பெயரைச் சொல்லவில்லை. இது பெரிய காரியம்.

இப்போது நீங்கள் போனதும் வகுப்பு நிறுத்தப்படும் என்று அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருக்கிறார்கள். சனிக்கிழமை வண்டிகள் தாமதமாகக் கிளம்புகின்றனவாம். விதிகளெல்லாம் இனிக் கைபேசிக்கு வருமாம். ஓட்டும்போது கைபேசியைப் பார்க்காதே என்பதும் கைபேசியிலேயே வரும்போல. ஓட்டிக்கொண்டே படித்துத் தெரிந்துகொள்ள வேண்டியதுதான்.

போன வாரம் சேர்ந்த ஓட்டுநர் ஒருவர், “இங்கயும் ரசீது நாள் முழுக்கச் செல்லுமாண்ணே?” என்று என்னிடமே கேட்டார். வேறு கொட்டகையிலிருந்து வந்தவர். நோய் ஒழியவில்லை அம்மா, வெளியே சுற்றிக்கொண்டுதான் இருக்கிறது.

ஆகவே உங்கள் முன்னிலையில் நாங்கள் உறுதி சொல்கிறோம். வருகிற சனிக்கிழமை வகுப்பு நடக்கும். நடத்தப்போவது காற்றாடி. முதலில் அடிபட்டவராக நடிக்கப்போவதும் அவனே. வகுப்பு முடியாமல் ஒரு வண்டியும் வாசலைத் தாண்டாது. முதலாளி ஏசினாலும் தாண்டாது, சம்பளத்தைப் பிடித்தாலும் தாண்டாது. இது மிரட்டல் இல்லை, தகவல்.

தங்கமனம் கொண்ட தாயே! உங்கள் முட்டிவலி குறையட்டும். தூக்கம் நிம்மதியாக வரட்டும். தொலைபேசி மணி அடித்தால் எங்கே விபத்தோ என்று நெஞ்சு பதறாத நாட்கள் உங்களுக்கு நிறைய அமையட்டும். எந்தச் சாலையை நீங்கள் கடந்தாலும், எங்கள் வண்டி நின்று, நீங்கள் மறுபக்கம் போய்ச் சேர்ந்த பிறகே நகரும்.

இப்படிக்கு,
ஓட்டுநர்கள், உதவியாளர்கள், டயர்ப் பிரிவு, கழுவும் பிரிவு, கணக்குப்பிள்ளை.

எல்லோரும் கையெழுத்துப் போட்டாயிற்று. கடைசியில் ஒரு இடம் மட்டும் காலியாக விட்டிருக்கிறோம், அது முதலாளிக்கு. சனிக்கிழமை வகுப்புக்குச் சம்மதம் என்று அவர் எழுதிக் கையெழுத்துப் போட்ட பிறகுதான் இதற்குக் கண்ணாடிச் சட்டம் போடுவோம். அவர் உங்கள் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறார். பேனாவை அவரிடம் கொடுங்கள் அம்மா.