உள் அறையிலிருந்து ஒரு பின்னூட்டம்

அந்த ஃபேனை நிறுத்த வேண்டாம், மேடம். கடகடவென்று சத்தம் போடுகிறதுதான், இருந்தாலும் ஓடட்டும். ஓடிக்கொண்டிருக்கும் ஒன்று சட்டென்று நின்றால் இப்போதெல்லாம் எனக்குப் பேச்சு வருவதில்லை. வீட்டில் ஃபிரிட்ஜ் தன்பாட்டில் ஓடி நிற்குமே, அது மறுபடி ஓடத் தொடங்கும்வரை கையில் இருப்பதைக் கீழே வைத்துவிட்டு அப்படியே நிற்கிறேன். மற்றபடி நன்றாகத்தான் இருக்கிறேன். சாப்பிட்டுவிட்டுத்தான் வந்தேன்.

வலைப்பதிவு எப்படி ஆரம்பித்தது என்று கேட்டீர்கள். அலுப்பில்தான் ஆரம்பித்தது. நுரையீரல் கெட்டுப்போன அக்காவை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கூட்டிவந்த வாரம், சொந்தக்காரர்கள் ஆளாளுக்குப் போன் செய்தார்கள். எனக்குப் பல் டாக்டர் ஒருவரின் கிளினிக்கில் வரவேற்பு மேசையில் வேலை. பகல் முழுக்க அங்கே போனில் பேசிவிட்டு வந்தால், வீட்டில் அதே கதையை மாமாவுக்கு ஒருமுறை, சித்தப்பாவுக்கு ஒருமுறை, சித்தப்பா சொன்னது புரியாமல் சித்திக்கு இன்னொரு முறை. வாயே வலித்தது. இணையத்தில் ஒரு பக்கத்தைத் திறந்து, அன்றைய நிலவரத்தை எழுதி, எல்லோருக்கும் முகவரியை அனுப்பிவிட்டேன். ‘எங்கள் வீட்டு மூச்சு’ என்று பெயர் வைத்தேன். பெயரைப் பார்த்தால் யோகா வகுப்பு என்று நினைத்து ஆட்கள் வந்துவிடப் போகிறார்கள் என்று அக்கா கிண்டல் செய்தாள்.

பின்னூட்டப் பகுதியில் சித்தப்பாவும் மாமாவும் தங்கள் பழைய வீட்டுத் தகராறை ஆரம்பித்துவிட்டார்கள். இவர் ஒன்று எழுத, அவர் இரண்டு எழுத, அக்காவின் உடம்பைப் பற்றி யாருக்கும் நினைவே இல்லை. அன்றைக்கே பூட்டுப் போட்டேன். யார் என்ன எழுதினாலும் அது முதலில் எனக்கு வரும். நான் படித்துப் பார்த்து அனுமதித்தால்தான் வெளியே தெரியும். பதிவுக்குத் தொடர்பில்லாத பின்னூட்டங்கள் வெளியிடப்பட மாட்டா என்று பக்கத்தின் ஓரத்தில் எழுதியும் வைத்தேன். வலைப்பதிவு வளர்வதற்கு இதெல்லாம் முக்கியம். ஒழுங்கு வேண்டும். தினமும் காலை ஆறு மணிக்குப் பதிவு வர வேண்டும், எழுதுகிறவர்களுக்குப் பதில் போட வேண்டும், அழுது வடியக் கூடாது. நான் ஒரு நாள்கூடத் தவறியதில்லை.

ஆனால் பக்கம் ஊரெல்லாம் பரவியது என்னால் இல்லை. அக்காவால்தான். அதை நான் எப்போதும் ஒப்புக்கொண்டிருக்கிறேன்.

அவள் பேருந்து நிலையத்தில் ஒலிபெருக்கி அறிவிப்பாளராக இருந்தவள். எந்த வண்டி எந்த இடத்திலிருந்து புறப்படும் என்று அவள் சொன்னால் தூங்குகிறவன்கூட எழுந்து மூட்டையைத் தூக்குவான் என்பார்கள். அப்படிப்பட்டவளுக்கு, பக்கத்து அறைக்குக் கேட்கிற மாதிரி கூப்பிடக்கூட மூச்சு இல்லாமல் போயிற்று. படுக்கை அறை பிளக் சரியில்லாததால் ஆக்சிஜன் மெஷினை ஹாலில் வைத்திருந்தோம். அதிலிருந்து நீளமான குழாய் ஒன்று கதவுக்கு அடியில் நுழைந்து அவள் மூக்குவரை போகும். அறையிலிருந்து எனக்குப் போன் செய்தால் நான் பல நேரம் எடுக்க மாட்டேன். ஆனால் பின்னூட்டம் வந்தால் உடனே பார்ப்பேன். அதைக் கண்டுபிடித்துக்கொண்டாள், கெட்டிக்காரி. ‘உள் அறை’ என்று ஒரு பெயர் வைத்துக்கொண்டு என் பதிவுகளிலேயே எழுதத் தொடங்கினாள். நான் உருகி உருகி அவள் பொறுமையைப் பற்றி எழுதியிருப்பேன், கீழே உள் அறை எழுதும்: “டீ ஆறிப்போச்சு. எழுதினது போதும், வந்து சூடு பண்ணிக் கொடு.”

வாசகர்களுக்கு அது அவ்வளவு பிடித்துவிட்டது. பதிவைப் படிக்கிறார்களோ இல்லையோ, உள் அறை இன்றைக்கு என்ன சொல்லியிருக்கிறது என்று பார்க்க வந்தார்கள். எங்கோ கடல் தாண்டி இருக்கிற நர்ஸ் ஒருத்தி, ஒரு பள்ளி ஆசிரியர், கடையைத் திறக்கும் முன் படித்துவிடும் மருந்துக் கடைக்காரர் என்று எங்கிருந்தெல்லாமோ வந்தார்கள். கிளினிக்கில் பல்லைக் காட்ட வந்த ஒரு பெண்மணி என் குரலைக் கேட்டு, “நீங்க உள் அறையோட தங்கச்சிதானே?” என்று கையைப் பிடித்துக்கொண்டாள். வாழ்க்கையில் என்னை யாரும் அப்படித் தேடி வந்ததில்லை. சந்தோஷமாக இருந்தது. அதை மறைத்து என்ன ஆகப்போகிறது.

இனி நீங்கள் கேட்க நினைப்பதற்கு வருகிறேன். இறப்புச் செய்தியை எப்படி முன்கூட்டியே எழுதினேன்?

பதிவு எழுதும் எல்லோரும் செய்வதுதான் அது. எழுதிவைத்து, எந்த நாள் வெளியாக வேண்டும் என்று குறித்துவிட்டால் அது தானாகவே போய்விடும். அக்கா ஒருமுறை மிகவும் மோசமாகி, டாக்டர் என்னை வெளியே அழைத்து மனதைத் திடப்படுத்திக்கொள்ளச் சொன்னார். அவள் போன பிறகு எனக்குக் கையும் ஓடாது காலும் ஓடாது, எழுத வராது என்று எனக்கே தெரியும். அதனால் ஆஸ்பத்திரி நடைவழியில் உட்கார்ந்தே எழுதிவிட்டேன். அக்கா தூக்கத்திலேயே, வலியில்லாமல், என் கையைப் பிடித்தபடி போய்விட்டாள் என்று. நான் எழுதியதிலேயே நல்ல பதிவு அதுதான். அடுத்த வாரத்துக்கு நாள் குறித்தேன். அவள் பிழைத்துக்கொண்டாள். நாளை ஒரு வாரம் தள்ளினேன். பிறகு ஒவ்வொரு வாரமும் தள்ளுவது பழக்கமாகிவிட்டது, கேஸ் அடுப்பை அணைத்தோமா என்று பார்ப்பது போல.

அந்த வாரம் மறந்தேன். ஏன் மறந்தேன் என்றால், சந்தோஷத்தில் மறந்தேன். அக்கா குழாயைக் கழற்றிவிட்டுப் பால்கனிவரை தானாக நடந்தாள். வெயிலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, எதிர் வீட்டுக்காரன் துணி காயப்போடும் லட்சணத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தாள். கொஞ்ச நேரம் குழாய் இல்லாமல் இருக்கலாம், பதறினால் மட்டும் நெஞ்சு தாங்காது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அவள் தேறுகிறாள் என்று எழுதத் தொடங்கிய பிறகு படிக்கிறவர்கள் குறைந்தார்கள் என்பது உண்மைதான். உங்கள் ஆட்கள் அதையெல்லாம் எடுத்துப் பார்த்திருப்பார்கள். அதனால்தான் செய்தேன் என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். அவ்வளவு அற்பமானவள் இல்லை நான்.

காலையில் எழுந்து வந்தால் சமையலறை மேசையில் போன் நடுங்கிக்கொண்டிருக்கிறது. பதிவு வெளியாகிவிட்டிருந்தது. உடனே அழிக்கத்தான் போனேன். விரல் அந்த இடத்தில்தான் இருந்தது. அதற்குள் கீழே வாசகர்கள் எழுதியிருந்ததைப் படித்துவிட்டேன். ஆசிரியர் தன் வகுப்பையே எழுந்து நின்று மௌனம் காக்கச் சொல்லப்போவதாக எழுதியிருந்தார். நர்ஸ் வேலையிடத்தில் மருந்து அறைக்குள் போய் அழுதாளாம். பல வருடமாகச் சொந்தத் தங்கையோடு பேசாத ஒருவர், என் பதிவைப் படித்துவிட்டு அவளுக்குப் போன் செய்து, இருவரும் அழுது தீர்த்தார்களாம். இதையெல்லாம் எப்படித் திருப்பி வாங்குவது, சொல்லுங்கள். சும்மா சொன்னேன், நீங்கள் மறுபடி சண்டை போட்டுக்கொள்ளுங்கள் என்று அவருக்கு எழுதவா? இல்லாத நோயை எழுதிய ஒருவரை வாசகர்கள் சேர்ந்து கிழித்துத் தொங்கவிட்டதை நான் பார்த்திருக்கிறேன். ஆனால் அந்தப் பயம் இரண்டாவதுதான். முதலில் எனக்கு வந்தது பொறுப்பு.

படித்துக்கொண்டிருந்ததில் வாசல் மணி அடித்ததுகூட எனக்குக் கேட்கவில்லை. அக்காதான் குழாயை இழுத்துக்கொண்டு போய்க் கதவைத் திறந்திருக்கிறாள். மெஷினை வாடகைக்குக் கொடுத்திருந்த சிலிண்டர்காரர் நின்றிருக்கிறார். அவர் மனைவி என் வாசகி. விடிந்ததும் படித்துவிட்டு அழுதிருக்கிறாள். இவர் துக்கம் கேட்டுவிட்டு, அப்படியே மெஷினையும் எடுத்துப் போகலாம் என்று வந்தவர். செத்தவளே கதவைத் திறந்தால் மனிதர் என்ன ஆவார்? அக்காதான் அவரைப் பிடித்து உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்திருக்கிறாள்.

பிறகு சமையலறை வாசலுக்கு வந்தாள். “என்னடி, என்னை அனுப்பி வச்சுட்டியாமே,” என்றாள். “சொல்லியிருந்தா நானும் கிளம்பி ரெடியா இருந்திருப்பேன்.”

சிலிண்டர்காரர் அசடு வழியச் சிரித்து, இனி நூறு வயசு இருப்பீங்கம்மா என்று வாழ்த்திவிட்டுப் போனார். அக்கா என் போனை வாங்கி, நின்றபடியே பதிவு முழுவதையும் படித்தாள். நன்றாக எழுதியிருப்பதாகச் சொன்னாள். தான்கூட அவ்வளவு நல்லவள் இல்லை என்றாள். கடைசி வரிக்கு வந்தபோது மட்டும் நிமிர்ந்து பார்த்தாள்.

“உன் கையைப் பிடிச்சுக்கிட்டேவா? உன் கையிலதான் எப்பவும் போன் இருக்குமே.”

எடுத்துவிடு என்று சொல்லிவிட்டு அறைக்குள் போய்ப் படுத்தாள். கொஞ்ச நேரத்தில் உள் அறையிலிருந்து பின்னூட்டம் வந்தது. நான் எங்கேயும் போகவில்லை, இங்கேதான் இருக்கிறேன், டீதான் இன்னும் வரவில்லை என்று. நான் அதை நிறுத்திவைத்தேன். டீ போட்டு எடுத்துக்கொண்டு உள்ளே போனேன்.

“என் கமெண்ட் ஏன் இன்னும் வரலை?”

“போடறேன் அக்கா. கொஞ்சம் பொறு.”

“எதுக்குப் பொறுக்கணும்? பாவம், அழுதுக்கிட்டு இருக்காங்க. இப்பவே போடு.” நான் தலையணையைச் சரிசெய்தேன். அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். “அவங்களுக்குப் பிடிக்குதோ இல்லையோ, உனக்குப் பிடிக்கும்ல, நான் இருக்கறது?”

என்ன கேள்வி இது என்று சொன்னேன். விளையாட்டாகத்தான் கேட்டிருப்பாள். டீயைக் குடித்துவிட்டுக் கண்ணயர்ந்தாள். பெற்றவள் போன பிறகு எனக்குத் தலைவாரிப் பள்ளிக்கு அனுப்பியவள் அவள். அவள்மேல் எனக்குக் கோபமே கிடையாது. இதை நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும்.

கதவைச் சாத்தினேன். காற்றில் அடித்துக்கொள்ளும் என்று வெளித் தாழ்ப்பாளையும் போட்டேன். பிளக்கைப் பிடுங்கினால் மெஷின் கத்தும்; அதிலேயே இருக்கிற பொத்தானை அணைத்தால் கத்தாது. சிலிண்டர்காரர்தான் முன்பு சொல்லிக்கொடுத்திருந்தார். அணைத்தேன். அந்த மெஷின் வந்த நாளிலிருந்து வீட்டில் ஓயாமல் ஒரு இரைச்சல் இருந்துகொண்டே இருந்தது. அது நின்றதும், வீடு எவ்வளவு அமைதியானது என்று தெரிந்தது.

மின்சாரம் போய்விட்டது, நான் கவனிக்கவில்லை என்று டாக்டரிடம் சொன்னது பொய். அது ஒன்றுதான் நான் சொன்ன பொய். வாசகர்களிடம் அதைக்கூடச் சொன்னதில்லை. என் பக்கத்தில் உள்ள ஒவ்வொரு வரியும் உண்மை. காலையில் கொஞ்சம் முந்திவிட்டது, மதியத்துக்குள் சரியாகிவிட்டது. சேதி கேட்டு, சாயங்காலம் மெஷினை எடுக்க வந்த சிலிண்டர்காரர் உள்ளே வராமல் வாசலிலேயே நின்றார். என்னைப் பார்த்தார், கட்டிலைப் பார்த்தார், செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார். நேராக உங்கள் ஸ்டேஷனுக்கு வந்திருக்கிறார். அவரைப் பற்றி நான் யோசிக்கவே இல்லை, மேடம். அவர் என் வாசகர் இல்லையே.

இப்போதும் ஹாலில் காலைத் தூக்கிவைத்துத்தான் நடக்கிறேன், அந்தக் குழாயை மிதித்துவிடக் கூடாது என்று. குழாயும் இல்லை, மெஷினும் இல்லை. தினமும் பதிவு வெளியானதும் பின்னூட்டங்களில் கண் முதலில் தேடுவது உள் அறையைத்தான். எல்லோரும் எழுதுகிறார்கள். அவள் மட்டும் எழுதுவதில்லை. எனக்குப் பயமாக இருக்கிறது, மேடம். எழுதிவிடுவாளோ என்றும் பயம், எழுதாமலே இருந்துவிடுவாளோ என்றும் பயம்.

கடைசியாக ஒன்று கேட்டீர்கள். அவள் கூப்பிட்டாளா என்று.

போன் அடித்தாள். துக்கம் விசாரிக்கிறவர்களின் அழைப்புகளுக்கு நடுவில் ‘அக்கா’ என்றும் வந்தது. வந்து நின்றது, மறுபடி வந்தது. கதவைத் தட்டினாள். தட்டுவதற்கும் மூச்சு வேண்டுமல்லவா, அது சீக்கிரமே நின்றுவிட்டது. நான் மேசையில் உட்கார்ந்து வாசகர்களுக்கு நன்றி சொல்லிக்கொண்டிருந்தேன். அப்போதுதான் அந்தப் பின்னூட்டம் வந்தது. உங்கள் ஆட்கள் அதைப் பார்த்துவிட்டார்கள் என்று தெரியும். நான் அதை அழிக்கவில்லை. அவள் எழுதியதை அழிக்க மனசு வரவில்லை. எனக்கு மனப்பாடம், நானே சொல்கிறேன்.

“மெஷின் நின்னுபோச்சு. கதவு மாட்டிக்கிச்சு. தங்கச்சி கடைக்குப் போயிருக்கா போல. யாராவது அவளுக்குச் சொல்லுங்க. பயந்துடப் போறா, மெதுவா சொல்லுங்க.”

நான் அதை வெளியிடவில்லை. பதிவுக்குத் தொடர்பில்லாத பின்னூட்டங்களை நான் வெளியிடுவதில்லை, மேடம். பக்கத்தின் ஓரத்திலேயே எழுதியிருக்கிறது. அன்றைய பதிவு, அக்கா இறந்துபோனதைப் பற்றியது.