ஓடைக்குள் நாற்காலி போட்ட இளவரசி

தலைமை வகிக்கும் போதகர் கஹாலே அவர்களே! வைலோஹி பள்ளத்தாக்கின் சேம்பு விவசாயச் சங்கத்துப் பெருமக்களே! கரும்புத் தோட்டத்து வேலையை விட்டு வந்திருக்கும் ஜப்பானியத் தோழர்களே! முன்வரிசையில் கண்ணைத் துடைத்துக்கொண்டிருக்கும் எட்வினா அம்மையாரே! அனைவருக்கும் அலோஹா.

நம் இளவரசி நாலேஹுவா மறைந்துவிட்டார். அழத்தான் வந்தோம். ஆனால் அவரைப் பற்றிப் பேசத் தொடங்கினால் யாருக்குத்தான் சிரிப்பு வராது?

சிறுமியாக இருந்தபோதே அவரைக் கப்பலேற்றி, படிக்க இங்கிலாந்துக்கு அனுப்பினார்கள். அவர் திரும்பியபோது ஹவாய் அரசும் இல்லை, அரண்மனையும் இல்லை. துறைமுகத்தில் அவருடைய அத்தை கேட்டார்: "இத்தனை வருஷம் அங்க என்னடி கத்துக்கிட்ட?"

"தலைமேல புத்தகத்த வச்சுக்கிட்டு அசையாம உக்காரக் கத்துக்கிட்டேன், அத்தை."

"இதுக்கா அவ்ளோ தூரம் போன?"

துறைமுகமே சிரித்தது!

அந்த வருடக் கோடையில்தான் தோட்டத்தார் ஓடையின் குறுக்கே மதகை மூடி, முழுத் தண்ணீரையும் கரும்புக்குத் திருப்பினார்கள். நம் சேம்பு வயல்கள் வெடித்தன. சங்கச் செயலாளரான நான் மனுமேல் மனு எழுதினேன். பதில் வந்ததா? இல்லை! இளவரசி என்ன செய்தார்? மதகுப் பலகைகளைக் கழற்றச் சொல்லி, அந்த இடைவெளியில், ஓடும் தண்ணீரிலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார்!

தோட்டத்துத் துரை குதிரையில் பறந்து வந்தார். "எந்திரிங்கம்மா! பலகையப் போடணும்."

"நான் படிச்ச படிப்பே இதுதான், துரை. நீங்க போய்ச் சாப்பிட்டுட்டு வாங்க."

பிற்பகலில் சமாதானம் பேசக் குடையோடு வந்தவர் துரையின் மனைவி, நம் எட்வினா அம்மையார். அவரும் அப்படிப்பட்ட பள்ளியில் படித்தவராயிற்றே!

"உங்க தலைமேலயும் புத்தகமா?" என்று கேட்டார் இளவரசி.

"பைபிளு! கழுத்தே போச்சு."

இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அம்மையார் செருப்பைக் கழற்றிவிட்டுத் தண்ணீரில் இறங்கி, இன்னொரு நாற்காலி கேட்டார்.

"எட்வினா, வெளிய வா!" என்று கரையிலிருந்து துரை கத்தினார்.

"பேசிக்கிட்டிருக்கோம்ல, சும்மா இருங்க!"

இருட்டுமுன் துரை இறங்கி வந்தார். பாதித் தண்ணீர் நமக்கு! அன்று முதல் இன்றுவரை ஒரு வயலாவது காய்ந்ததா?

பெருமக்களே! இப்போதுள்ள துரை சொல்லியனுப்பியிருக்கிறார். இளவரசியோடு அந்தப் பாதித் தண்ணீர் ஒப்பந்தமும் முடிந்துவிட்டதாம். நாளைக் காலை மதகை மூடுவாராம். விடுவோமா? ஆளுக்கொரு நாற்காலியோடு வாருங்கள். சேம்புக் களி என் வீட்டிலிருந்து.

என்ன, பின்னாலிருந்து? "மீனு நான் கொண்டாரேன், கைபோ அண்ணே"யா? கொண்டு வா, தம்பி! அம்மையாரும் கையைத் தூக்குகிறார். முதல் நாற்காலி தங்களுக்குத்தான், அம்மா.

எங்கள் இளவரசியே, நிம்மதியாக உறங்குங்கள். தண்ணீர் ஓடும்.