கன்னத்தில் இரண்டு கோடுகள்

ஒரு வாரமாக என் வீட்டில் அடுப்பு எரியவில்லை. தெருவே சமைத்து அனுப்புகிறது. கோழியும் மாவுத் துண்டுகளும் சேர்த்துக் கொதிக்கவைத்த பாட் பை, வெல்லப்பாகு பை, ஹாம் போட்ட பீன்ஸ். பக்கத்து வீட்டு அம்மாள் பாத்திரத்தைத் திருப்பித் தர வேண்டாம் என்று வேறு சொல்லிவிட்டுப் போனார். தனி ஆளுக்கு இது அதிகம்தான், மறுக்க மனம் வரவில்லை. நண்பன் ஹார்லனைக் கொன்றவனைத் தன் கையாலேயே தீர்த்துக் கட்டியவன் என்று ரெடிங் நகரமே என்னைக் கொண்டாடுகிறது.

அந்தக் கொண்டாட்டம் எனக்குப் பொருந்தவில்லை, டிடெக்டிவ் பெல்ட்ரான். பழைய வெள்ளி நாணயங்களுக்குத் தரம் சொல்லிப் பிழைத்தவன் நான். இருப்பதைவிட உயர்த்திச் சொல்வது என் தொழிலில் திருட்டு. நேற்று நீங்கள் ஹார்லனின் வலது கை விரல்களைப் பற்றிக் கேட்டீர்கள். மூன்று விரல்கள் பின்பக்கமாக ஒடிந்திருக்கின்றன, டயர் கம்பியால் அடித்தால் அப்படி ஒடியாது என்றீர்கள். சரிதான். அதற்கு வருகிறேன். வரிசையாகச் சொன்னால்தான் என் பக்கத்து நியாயம் விளங்கும்.

ஹார்லன் சென்செனிக் எஃப்ராட்டா பக்கத்தில் டிராக்டர் விற்றவன். பென் தெருவில் இருக்கும் என் கடைக்கு அவன் முதலில் வந்தபோது எங்கள் இருவருக்குமே தலை நிறைய முடி இருந்தது. இருவரிடமும் ஆளுக்கு ஒரு 1795 டாலர் இருந்தது. இந்த நாடு முதல் டாலரை அடித்ததற்கு அடுத்த வருஷத்து நாணயம் அது. ஒரு பக்கம் கூந்தலை அவிழ்த்துவிட்ட சுதந்திர தேவி, மறுபக்கம் ஒல்லியான கழுகு. எங்கள் நாணயச் சங்கம் கூடும் சனிக்கிழமைகளில் பச்சைத் துணி விரித்த மேசையில், விளக்கின் கீழே இரண்டையும் பக்கம் பக்கமாக வைத்துப் பார்ப்போம். என்னுடையதுதான் எப்போதும் மேல். காதுக்கு மேலே இருக்கும் கூந்தல் இழைகள் என் நாணயத்தில் தனித்தனியாகத் தெரியும். அவனுடையதில் அந்த இடம் வழித்துவிட்டது போல இருக்கும். தர எண்ணில் எழுபதுக்கு என்னுடையது நாற்பத்தைந்து, அவனுடையது முப்பது.

"வயசானா யாருக்குத்தான் முடி கொட்டல?" என்று ஹார்லன் தன் வழுக்கையைத் தடவிக்கொள்வான். சங்கம் சிரிக்கும், நானும் சிரிப்பேன். அவன்மேல் எனக்குப் பிரியம் இருந்தது. அதை நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும்.

போன இலையுதிர் காலத்தில் ஏலத்தில் இன்னொரு 1795 வாங்கினான். பாஸ்டனில் ஒரு குடும்பம் தலைமுறை தலைமுறையாகப் பூட்டி வைத்திருந்த நாணயம். தரம் எழுதிய பிளாஸ்டிக் பெட்டிக்குள் அடைபட்டு வந்தது. அவன் அந்தப் பெட்டியை உடைத்து, நாணயத்தைச் சின்னத் துணிப்பையில் போட்டு, சட்டைப்பையில் வைத்துக்கொண்டு திரிந்தான். கேட்டால், "உள்ள வச்சா அவளுக்கு மூச்சு முட்டும்டா" என்றான். அதே சட்டைப்பையில்தான் கார் சாவியும் இருந்தது.

அந்தச் சனிக்கிழமை என்னுடையதை நான் மேசையில் வைத்தேன். அவன் தன்னுடையதைப் பக்கத்தில் வைத்தான். "நீயே சொல்லு லாய்ட். நீ என்ன சொன்னாலும் ஒத்துக்கறேன்" என்றான்.

லென்ஸை எடுத்தேன். புகை படிந்த சாம்பல் நிறம், ஓரத்தில் மெல்லிய நீலம். யாரும் துடைக்காத, தேய்க்காத வெள்ளி. கூந்தல் இழை ஒவ்வொன்றும் இருந்தது. கழுகின் நெஞ்சில் இறகுகளை எண்ணலாம். விளிம்பில் சில கோடுகளைப் பார்த்துவிட்டு ஒருவர், "கீறியிருக்கே" என்றார். நான்தான் விளக்கினேன். எடை கூடிப்போன வெள்ளித் தகட்டை அந்தக் காலத்து நாணயச் சாலையில் அரத்தால் ராவிக் குறைப்பார்கள், அதன்பிறகுதான் முத்திரை அடிப்பார்கள். அது பிறவியிலேயே வந்த கோடு, குறையாகாது. பின்னால் விழுகிற கீறல் வேறு. அது முகத்தை அறுத்துக்கொண்டு போகும், பளபளக்கும். அப்படி ஒரு கீறல் விழுந்தால் அந்த நாணயத்துக்கு அப்புறம் எண்ணே கிடையாது.

"ஐம்பத்தைந்து" என்றேன். என் வாயால் சொன்னேன்.

ஹார்லன் என் முதுகில் தட்டினான். "உன்னோடவ இனிமே சர்ச்சுல உக்காந்து ஸ்வெட்டர் பின்னட்டும் லாய்ட். என்னோடவ டான்ஸுக்குக் கிளம்பிட்டா." எல்லோரும் சிரித்தார்கள். யாரோ காபிக் கோப்பை வைக்க இடம் வேண்டும் என்று என் டாலரை விரலால் ஓரமாகத் தள்ளினார்கள். முகத்தின் மேலேயே விரலை வைத்து.

பொறாமை என்று நீங்கள் நினைக்கலாம். பொறாமைக்காரன் நாற்பது என்று சொல்லியிருப்பான். எனக்கு இருந்தது கவலை. அப்படிப்பட்ட ஒன்றைச் சாவிக்கொத்தோடு போட்டுக் குலுக்குகிறவன் கையில் விட்டுவைக்கலாமா? விலைக்குக் கேட்டேன். "எனக்கு அப்புறம் டோரிஸ்கிட்ட கேளு" என்றான். டோரிஸ் அவன் மனைவி. அவன் விளையாட்டாகத்தான் சொன்னான். நான் அதை அப்படியே எடுத்துக்கொண்டேன்.

டேரல் நோலை உங்களுக்குத் தெரியும். இரண்டு தடவை உள்ளே போட்டிருக்கிறீர்கள். வீடு புகுந்து எடுத்த வெள்ளி ஸ்பூன்களை, உருக்கினால் வரும் வெள்ளியின் விலைக்கு என்னிடம் கொண்டுவருவான். நான் எங்கிருந்து என்று கேட்டதில்லை. அவனிடம் ஹார்லனைப் பற்றிச் சொன்னேன். பால்டிமோர் நாணயக் கண்காட்சி முடிந்து ஞாயிற்றுக்கிழமை மதியம் திரும்புவான். வீட்டில் டோரிஸ் சுருட்டுக்கு விடமாட்டாள் என்பதால், சாலையோரத்தில் மூடிக் கிடக்கும் ஒரு பழக்கடைக்குப் பின்னால் காரை நிறுத்திப் புகைப்பான். காரில் இருக்கும் நாணயப் பெட்டியில் இருப்பதெல்லாம் உனக்கு, சட்டைப்பையில் இருக்கும் துணிப்பை மட்டும் எனக்கு என்றேன்.

"அடிக்கணுமா பெருசு?" என்று கேட்டான்.

"தேவைப்பட்டா."

"எவ்வளவு?"

"அது உன் வேலை. ஆனா கீறல் விழக் கூடாது."

"ஆளு மேலயா, காசு மேலயா?" என்று சிரித்தான்.

காசு மேல என்றேன். அவனுக்குச் சிரிப்பு நின்றுபோனது. என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தான்.

அவன்மேல் நம்பிக்கை இல்லாததால் நானும் போனேன். சோளக்காட்டின் ஓரத்தில் காரை நிறுத்திப் பார்த்துக்கொண்டிருந்தேன். நல்ல வெயில். ஹார்லன் சுருட்டைப் பற்றவைத்துவிட்டு, துணிப்பையிலிருந்து நாணயத்தை எடுத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தான். டேரல் பின்னாலிருந்து வந்து டயர் கம்பியை இரண்டு கையாலும் ஓங்கி இறக்கினான். விழுந்தவனை மறுபடி அடித்தான். பூசணிக்காயைத் தரையில் போட்ட சத்தம் நான் இருந்த இடம்வரை கேட்டது. பிறகு சட்டைப்பையில் கையை விட்டான், வெறும் துணிப்பைதான் வந்தது. காரிலிருந்த பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடிவிட்டான்.

ஹார்லன் சரளைக் கல்லில் குப்புறக் கிடந்தான். திருப்பிப் போட்டேன். ஒரு கண் இருந்த இடம் வீங்கி மூடியிருந்தது. காதிலிருந்து இரத்தம் வந்துகொண்டிருந்தது. மற்ற கண்ணால் என்னை அடையாளம் கண்டுகொண்டான்.

"லாய்ட். நல்லவேளை நீ வந்தே." வலது கையை மூடியபடியே உயர்த்திக் காட்டினான். "விடலடா. அவனால எடுக்க முடியல."

பெருமையாகச் சொன்னான். எனக்கும் அவனைப் பற்றிப் பெருமையாக இருந்தது.

"என்கிட்ட குடு. பத்திரமா வச்சுக்கறேன்" என்றேன்.

"முதல்ல ஆம்புலன்ஸ் கூப்பிடு. ஒண்ணும் தெரிய மாட்டேங்குது."

"கூப்பிடறேன். அதைக் குடு."

அவன் கையைக் கீழே இறக்கவில்லை, திறக்கவும் இல்லை. பிறகு மெதுவாகக் கேட்டான். "நீ எப்படிடா இங்க?"

முழங்காலை அவன் மணிக்கட்டின்மேல் வைத்துக் கையைத் திறந்தேன். சுண்டுவிரல் எளிதாக வந்தது. அடுத்த மூன்றும் வரவில்லை. பச்சைக் குச்சி ஒடிவது போலத்தான் ஒடிந்தன. கத்தினான். அந்த நிலைமையில் அவ்வளவு சத்தம் வரும் என்று நான் நினைக்கவில்லை. அவனை வேறெங்கும் தொடவில்லை. எங்கள் இத்தனை வருஷப் பழக்கத்தில் நான் அவன்மேல் கை ஓங்கியதே இல்லை.

காருக்குத் திரும்பினேன். அவன் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தான். கவனம் சிதறுகிறது என்று ஜன்னல் கண்ணாடியை ஏற்றினேன். நாணயத்தை விளிம்பில் பிடித்து வெயிலில் சாய்த்தேன்.

தேவியின் கன்னத்தில் ஆரம்பித்துத் தாடை வரை இரண்டு கோடுகள். ஒன்றுக்கொன்று இணையாக. புதுசு, பளபளவென்று. இருநூறு வருஷத்துக்கு மேல் எத்தனையோ கை மாறியும் யாரும் அவளுக்குச் செய்யாததை அன்று செய்துவிட்டார்கள். ஐம்பத்தைந்து போய்விட்டது. இனி அவளுக்கு எண்ணே இல்லை. என் மனைவி இறந்தபோதுகூட நான் அழுததில்லை. அங்கே ஸ்டீயரிங்கின்மேல் தலையைச் சாய்த்து அழுதேன். நிமிர்ந்தபோது ஹார்லனின் சத்தம் நின்றுபோயிருந்தது. அடிபட்ட பிறகு அரை மணி நேரம் உயிரோடு இருந்திருக்கிறான் என்று உங்கள் டாக்டர் சொன்னதாகச் சொன்னீர்கள். இருக்கலாம்.

மறுநாள் காலை டேரல் பெட்டியோடு கடைக்கு வந்தான். "ஆளு போயிட்டான்னு நியூஸ்ல சொல்றாங்க பெருசு. இது வேற ரேட்டு" என்றான். நான் கதவைச் சாத்திவிட்டு விளக்கைப் போட்டேன். நாணயத்தைத் துணியின்மேல் வைத்து, லென்ஸை அவன் கையில் கொடுத்து, "பாரு" என்றேன்.

"என்னத்தப் பாக்கறது?"

"கன்னத்தைப் பாரு."

குனிந்தான். "நான் இதைத் தொடவே இல்லையே" என்றான்.

பிளாஸ்டிக் பெட்டிகளை உடைக்க ஒரு சுத்தியல் வைத்திருக்கிறேன். அதால் காதுக்குப் பின்னால் அடித்தேன். தரையில் உட்கார்ந்துவிட்டான். குடித்தவன் மாதிரி என்னை நிமிர்ந்து பார்த்து, "தொடவே இல்ல பெருசு" என்று மறுபடி சொன்னான். அப்புறம் கன்னத்தில் அடித்தேன். கன்னத்திலிருந்து தாடை வரைக்கும். பற்கள் மேசைக்கு அடியில் உருண்டன. கையை உயர்த்தி மறைத்தான், கையையும் அடித்தேன். அது முகமாகத் தெரியாத பிறகும் கொஞ்ச நேரம் அடித்தேன். எத்தனை என்று எண்ணவில்லை. பிறகு நாணயத்தை எடுத்து உள்ளே வைத்துவிட்டு, கையைக் கழுவி, உங்களுக்குப் போன் செய்தேன். நீங்கள் வந்து ஹார்லனின் பெட்டியைப் பார்த்தீர்கள், இரத்தத்தில் நின்ற என்னைப் பார்த்தீர்கள், என் தோளில் கை வைத்து, "உக்காருங்க ஐயா, முடிஞ்சுது" என்றீர்கள். தற்காப்பு என்று நீங்களே எழுதிக்கொண்டீர்கள்.

அடக்கத்தன்று டோரிஸ் என்னைக் கட்டிக்கொண்டு விடவே இல்லை. "நீ ஒருத்தன்தான் லாய்ட் அவருக்காக நின்னே" என்றாள். அந்த இடத்தில் திருத்துவது நாகரிகமில்லை என்று விட்டுவிட்டேன். இப்போது திருத்துகிறேன். ஹார்லனுக்காக நான் யாரையும் கொல்லவில்லை. இந்தத் தேவிக்காகக் கொன்றேன். இதோ, உங்கள் மேசையில் வைக்கிறேன். விளிம்பைப் பிடித்து எடுங்கள்.

விரல்களை எதால் பிரித்தேன் என்று கேட்கிறீர்கள். என் விரலில் அவ்வளவு பலம் கிடையாது. கோட்டுப் பையில் எப்போதும் ஒரு நோஸ் பிளையர், நீள மூக்குக் குறடு, இருக்கும். நாணயம் வைக்கும் அட்டைகளின் ஸ்டேப்ளர் பின்னைப் பிடுங்க வைத்திருப்பது. விரல் இடுக்கில் நுழைத்து நெம்பினேன். நாணயத்தில் படாமல்தான் நெம்பினேன். அதன் மூக்குக்கு ரப்பர் உறை உண்டு. ஒரு பக்கத்து உறை பிய்ந்துபோயிருந்தது, மாற்ற வேண்டும் என்று நினைத்துக்கொண்டே இருந்தேன்.

அதைக் கோடுகளோடு ஒப்பிட்டுப் பார்த்தேனா என்கிறீர்கள், பார்க்காமல் இருப்பேனா? என் தொழிலே அதுதான். டேரலைத் தூக்கிக்கொண்டு போன அன்று மாலையே விளக்கைப் போட்டு லென்ஸ் வைத்துப் பார்த்தேன். பிளையரின் உறை பிய்ந்த பக்கத்து இரண்டு பற்களுக்கு நடுவில் இருக்கும் இடைவெளியும் கோடுகளுக்கு நடுவில் இருக்கும் இடைவெளியும் ஒன்றுதான். அதே அளவில் உலகத்தில் எத்தனையோ பொருள் இருக்கும். சரளைக் கல்லில் இருக்கும், டயர் கம்பியின் முனையில் இருக்கும். டேரல் அடித்ததால்தான் ஹார்லன் விழுந்தான், விழுந்ததால்தான் கை தரையில் மோதியது. நீங்கள் என்னை அப்படிப் பார்க்க வேண்டியதில்லை, மேடம். அந்தக் கீறல் டேரல் போட்டதுதான். இல்லையென்றால் அவனை நான் எதற்காகக் கொன்றேன்?