ஆறு மணிக்கு வருகிறவர்

மின்விசிறியைக் கொஞ்சம் குறைத்து வையுங்கள் தம்பி. நேராகத் தலையில் விழுகிற காற்று இந்த வயதில் ஒத்துக்கொள்வதில்லை.

வாரப் பத்திரிகைக்கு வருகிற மாயக்கதைகளைப் படித்துத் தேர்ந்தெடுப்பது முப்பத்தொரு வருஷமாக என் வேலை. பேய், பறக்கிற கட்டில், பேசுகிற கண்ணாடி, எது வேண்டுமானாலும் வரலாம். நம்பும்படி இருக்க வேண்டும். சுவருக்குள் புகுந்து வருகிற ஆவி தரைக்குள் ஏன் விழவில்லை என்று நான்தான் கேட்பேன். கதையில் ஓட்டை கண்டுபிடிப்பதால் அலுவலகத்தில் எனக்கு ஓட்டையம்மா என்று பெயர். "ஓட்டையம்மா பாஸ் பண்ணிட்டாங்கன்னா அது நிஜப் பேய்தான்யா" என்பார் ஆசிரியர். சிரித்துச் சிரித்து எனக்கே அலுத்துவிட்டது.

அந்தப் பெண்ணின் கதை இரண்டு மாதம் முன்பு வந்தது. இறந்துபோன கணவர் தினமும் மாலை ஆறு மணிக்கு வீட்டுக்கு வருகிறார். மனைவி டீ போட்டுக் கொடுக்கிறாள். சற்று நேரம் பேசிவிட்டுப் போய்விடுகிறார். அவ்வளவுதான். எழுத்து நன்றாக இருந்தது. ஓட்டைகளும் இருந்தன. தொலைபேசியில் கூப்பிட்டேன்.

"உடம்பே இல்லாதவர் டீயை எப்படிம்மா குடிப்பார்?"

"அப்படியே ஆறிப்போயிரும் மேடம். அப்புறமா நானே குடிச்சிருவேன். அதை எழுதிரட்டுமா?"

"எழுதுங்க. வெளியில யாருக்குமே தெரியாதா?"

"தங்கச்சிக்கிட்ட சொன்னேன். டாக்டர்கிட்ட போலாம்கிறா."

'அவள்' என்று வரவேண்டிய இடத்தில் 'நான்' வந்தது. எழுதுகிறவர்கள் அப்படிப் பேசுவது உண்டு என்று விட்டுவிட்டேன்.

மூன்றாவது முறை பேசியது ஒரு மாலையில். நடுவில் அவள் குரல் வேறு பக்கம் திரும்பியது.

"என்னங்க, செருப்பை வெளியவே விடுங்க. இப்பத்தான் துடைச்சேன்."

பிறகு என்னிடம், "வந்துட்டார் மேடம். நாளைக்குப் பேசட்டுமா?"

அது கதை இல்லை என்று எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது. தெரியாது என்று பொய் சொல்ல மாட்டேன். ஆனால் பெரிய ஓட்டை ஒன்று பாக்கி இருந்தது. அதை மறுநாள் கேட்டேன்.

"இவ்வளவு பிரியமா தினமும் வர்றார். அவ ஏன் அவர்கூடப் போகலை?"



"அவர் கூப்பிடலையே மேடம்."

"அது பத்தாதும்மா. கூப்பிட்டாத்தான் போகணுமா?"

"அப்ப, போறதுதான் சரியா?"

"கதைக்கு அதுதான் சரி."

'கதைக்கு' என்பதை அழுத்தித்தான் சொன்னேன். அதையும் வாக்குமூலத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.

செவ்வாய்க்கிழமை காலை பதினோரு மணிக்கு அவள் தங்கை ஒட்டிய உறையுடன் வந்தாள். நாற்காலி நுனியில் உட்கார்ந்தாள்.

"அக்கா இப்பல்லாம் உட்கார்ந்து எழுதுறா மேடம். முகத்துல களை வந்திருக்கு. எல்லாம் உங்களாலதான்."

நான் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு கடைசிப் பக்கத்தைப் படித்தேன். 'அவள்' எல்லாம் அடிக்கப்பட்டு 'நான்' ஆகியிருந்தது. இன்று செவ்வாய், அவர் வந்ததும் கூடவே கிளம்பிவிடுவேன், இனி இந்த வீட்டில் டீ போட வேண்டியதில்லை என்று எழுதியிருந்தாள்.

"சரியா இருக்கான்னு கேட்டுட்டு வரச் சொன்னா மேடம்."

"இப்ப சரியா இருக்குன்னு சொல்லும்மா."

தங்கை சிரித்த முகத்தோடு எழுந்து போனாள். அக்கா அன்று மாலையே போய்ச் சேர்ந்தாள். அது உங்களுக்குத் தெரியும்.

ஏழு மணி நேரம் இருந்ததே, ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்கிறீர்கள். சொல்லியிருந்தால் தங்கை தடுத்திருப்பாள். கதையில் மனைவி ஏன் போகவில்லை என்ற கேள்வி மறுபடியும் முதலிலிருந்து வந்திருக்கும். எனக்கும் அசதியாக இருந்தது. ஒரு காற்புள்ளியை எடுத்துவிட்டுப் பக்கத்தை அச்சுக்கு அனுப்பினேன்.

இதழ் வெளிவந்து இரண்டு வாரமாகிறது. இத்தனை வருஷத்தில் முதல் முறையாக, ஓட்டை என்று வாசகர் ஒருவர்கூட எழுதவில்லை. தங்கையிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. அது கதையைப் பற்றியது இல்லை. அதனால் பதில் போடவில்லை.