கட்டிங் பிளேயர் சின்னம்

...அதான் சார் நான் சொல்றேன், ஜனங்களுக்கு நன்றிங்கறதே கிடையாது! வாயை இன்னும் கொஞ்சம்... ஆங், அப்படியே வெச்சுக்குங்க. இந்த வார்டுல எவன் வாய்ல எத்தனை சொத்தைன்னு எனக்குத் தெரியும் சார். இத்தனை வருஷமா இவங்க வாய்க்குள்ளயே குடித்தனம் பண்றவன் நான். என்னை விட்டுட்டு அந்த சைக்கிள் கடைக்காரனைக் கவுன்சிலர் ஆக்கிட்டாங்களே! வலிக்குதா? ஊசிதான் சார், ஆச்சு. மரத்துப்போகக் கொஞ்ச நேரம் ஆவும். அதுவரைக்கும் சும்மா உக்காந்திருப்பானேன், ரெண்டு வார்த்தை பேசிட்டிருப்போம்.

நீங்க தெருவுக்குப் புதுசு, விவரம் தெரியாது. மாநகராட்சித் தேர்தல் வந்துச்சா, நம்ம வார்டுல நான் சுயேச்சையா நின்னேன். ஜெயிச்ச கவுன்சிலருங்கதானே கூடி மேயரைத் தேர்ந்தெடுக்கறாங்க? ரெண்டு கட்சியும் அடிச்சுக்கிட்டு மண்டை உடைஞ்சு, கடைசில 'பொதுவான ஆளு, படிச்ச ஆளு வேணும்பா'ன்னு என்கிட்டதான் வந்து நிப்பாங்கன்னு கணக்குப் போட்டேன். தப்பா சார்? டெய்லர்கிட்ட மேயர் அங்கிக்கு அளவு கூடக் குடுத்துட்டேன். சிவப்பு வெல்வெட். அந்தா ஜன்னல்ல திரை தொங்குதே... அதேதான். கண்ணுல வெயில் அடிக்கல பாருங்க. நல்ல துணி.

சின்னம் இருக்கே சின்னம், அதுலயே ஆரம்பிச்சுட்டாங்க சதியை. பூட்டு, வாளி, கட்டிங் பிளேயர், மூணுல ஒண்ணு எடுத்துக்கன்னாரு அதிகாரி. யோசிச்சுப் பார்த்தேன். பூட்டுன்னா 'கிளினிக்கைப் பூட்டிட்டாரு'ம்பான். வாளின்னா துப்பற வாளி ஞாபகம் வரும். பிளேயர்தான் நம்ம தொழிலுக்குப் பொருத்தம்னு நானே கேட்டு வாங்கினேன். சுவரெல்லாம் போஸ்டர். நான் சிரிச்சுக்கிட்டு நிக்கறேன், கைல இத்தாப் பெரிய பிளேயர். ராத்திரி சோறு உண்ணாத பிள்ளைங்களைக் கூட்டிட்டு வந்து என் போஸ்டரைக் காட்டறாங்க சார் தாய்மாருங்க! அது விளம்பரம்தானேன்னு நான் விட்டுட்டேன். பிள்ளைங்களுக்கு ஓட்டு இல்லைங்கறது எனக்கு அப்பறம்தான் உறைச்சுது.

அந்த சைக்கிள் கடைக்காரன்... ஊர்ல அவனுக்குப் பட்டப்பேரு மௌனசாமி. கூட்டத்துல ஏறி என்ன பேசினான் தெரியுமா? "சாக்கடை அடைச்சுக்கிட்டா வந்து சொல்லுங்க." அவ்வளவுதான், இறங்கிட்டான்! இதெல்லாம் ஒரு பேச்சா? நான் ஈறுல ஆரம்பிச்சு, பல்லுக்கு வந்து, பல்லுலேர்ந்து குடிதண்ணி, குடிதண்ணிலேர்ந்து குழாய், குழாய்லேர்ந்து ஊழல்னு ஒரு கோர்வையா கொண்டு போனேன். ஊழலுக்கு வர்றதுக்குள்ள மைக்செட்காரன் ஒயரைப் பிடுங்கிட்டான். நேரமாச்சாம். எதிர்ல பார்த்தா நாற்காலிக்காரன் நாற்காலியை அடுக்கிட்டிருக்கான். அதுவும் சதி.

கொஞ்சம் அசையாம இருங்க. உதடு மரத்துடுச்சா? இன்னும் இல்லையா? சரி, பரவால்ல.

இப்ப முக்கியமான இடத்துக்கு வரேன். பிரசாரம் ஓஞ்சுபோச்சு. மறுநாள் ஓட்டு. வாயைத் திறந்து ஓட்டுக் கேக்கக் கூடாது. ஆனா அடுத்தவன் வாயைத் திறக்கக் கூடாதுன்னு எந்தச் சட்டத்துலயாவது இருக்கா? இல்ல! போட்டேன் ஒரு இலவச பல் முகாம். சும்மா வரிசை கட்டி நின்னாங்க சார். பக்கத்து ரூம்ல இருக்காளே என் சம்சாரம், அவளும் பல் டாக்டர்தான். அவ சொன்னா, "வந்தவங்களுக்குப் பல்லைச் சுத்தம் பண்ணி அனுப்புங்க, போதும்"னு. சுத்தம் பண்ணினா மனசுல நிக்குமா சார்? வீட்டுக்குப் போய் ஒரு வாய் சாப்பிட்டா மறந்துடுவான். பிடுங்கினாத்தான் ஆயுசுக்கும் ஞாபகம் இருக்கும்! லேசா ஆடினாப் போதும், பிடுங்கிட்டேன். அன்னிக்கு மட்டும் நாப்பத்தோரு பேரு. ஒவ்வொருத்தன் வாய்லயும் பஞ்சை வெச்சு, "கெட்டியாக் கடிங்க, நாளைக்கு ஓட்டுப் போடற வரைக்கும் யார்கிட்டயும் பேசாதீங்க"ன்னு சொல்லி அனுப்பினேன். ஏன்னா பேசினா எதிரி ஆளுங்க மனசைக் கலைச்சுடுவாங்க பாருங்க. தீர்க்கதரிசனம்!

மறுநாள் காலைல... சார், பல்லுப் பிடுங்கினா வீக்கம் அன்னிக்கு வராது, அடுத்த நாள்தான் நல்லா வரும். இது டாக்டருக்குத் தெரியும். வேட்பாளருக்கு மறந்துபோச்சு. நாப்பத்தோரு பேரும் என் பேர்ல உள்ள விசுவாசத்துல விடிஞ்சதும் வந்து நிக்கறாங்க. கன்னம் ஒவ்வொண்ணும் பன்னு மாதிரி. அடையாள அட்டைல இருக்கற முகம் ஒண்ணு, வந்து நிக்கற முகம் ஒண்ணு!

பூத்துக்குள்ள ஏஜெண்டு ஒருத்தன் எழுந்து நின்னு, "இது அந்த ஆளே இல்ல, கள்ள ஓட்டு"ன்னு கத்தறான். அதிகாரி, "உங்க பேரு என்ன, அப்பா பேரு என்ன"ங்கறாரு. இவங்க பேச மாட்டேங்கறாங்க! டாக்டர் சொல்லியிருக்காரே, பேசாதேன்னு! பல்லு போனா சொல்லு போச்சும்பாங்க, இங்க அதோட ஓட்டும் போச்சு. ஒருத்தரு கையால என்னென்னவோ ஜாடை காட்டியிருக்காரு, அவரை வெளிய கூட்டிட்டுப் போய் தண்ணி குடுத்து உக்கார வெச்சுட்டாங்க.

யாரு அந்த ஏஜெண்டுன்னுதானே கண்ணை உருட்டறீங்க? எதிரி ஆளா இருந்தா மனசு ஆறிடுமே! என் ஏஜெண்டு சார். என் மச்சான். என் சம்சாரத்தோட கூடப்பிறந்த தம்பி! 'முகம் பொருந்தலைன்னா பெத்த அப்பனா இருந்தாலும் விடாதேடா'ன்னு நான்தான் அவனுக்குப் படிச்சுப் படிச்சுச் சொல்லியிருந்தேன். ஒரு வேலை சொன்னா ஒழுங்கா செய்யத் தெரியாத பய, அன்னிக்குன்னு பார்த்து ஒழுங்கா செஞ்சுட்டான். எங்க அப்பாவையே ரெண்டு தடவை உத்துப் பார்த்துட்டுத்தான் உள்ள விட்டானாம். எத்தனை ஓட்டுல தோத்தேன் தெரியுமா? பதினேழு. சொல்லுங்க, இதுல என் தப்பு எங்க இருக்கு? பயிற்சி குடுக்காத தேர்தல் அதிகாரிங்க தப்பு. பல்லை ஒழுங்கா தேய்க்காத ஜனங்க தப்பு. தேய்ச்சிருந்தா நான் ஏன் பிடுங்கறேன்?

அதுலேர்ந்து இந்த நாற்காலிக்கு ஆளே வர்றதில்ல. நான் என்ன கேட்டேன்? உக்கார்ற ஆளுகிட்ட, பல்லைக் குடையற மெஷினைக் கைல எடுத்துக்கிட்டு, "யாருக்குப் போட்டீங்க, உண்மையைச் சொல்லுங்க"ன்னு மரியாதையாத்தான் கேட்டேன். பாதி வைத்தியத்துல எழுந்து ஓடறாங்க. ஒருத்தன் வாய்ல பஞ்சோடயே பஸ் ஏறிட்டான். ஓடறவங்க எங்க போறாங்க? பின்பக்கமா சுத்திக்கிட்டு என் சம்சாரம் ரூமுக்கு! அவகிட்ட உக்கார இடம் இல்ல, இங்க நான் ஈ ஓட்டறேன்.

காலைல நீங்க வாசல்ல வந்து நின்னதும் என்னைத் தனியாக் கூப்பிட்டா. "இவரு புது ஆளு. தேர்தலைப் பத்தி வாயைத் திறக்காதீங்க. இவரும் பாதில எழுந்து போனா, சாயங்காலமே வாசல் போர்டை மாத்திடுவேன். பெரிய எழுத்துல என் பேரு, அடில பொடி எழுத்துல உங்க பேரு"ன்னுட்டா. சொல்லிட்டு ஒரு பழமொழி வேற, நுணலும் தன் வாயால் கெடும்னு. யாரைச் சொன்னான்னு தெரியல, அந்த மைக்செட்காரனைத்தான் சொல்லியிருப்பா. உங்ககிட்ட மறைக்கறதுக்கு என்ன சார்? அந்தப் போர்டுல என் பேரைப் பார்க்காம நான் ஒரு நாளும் உள்ள வந்ததில்ல. அதான் இன்னிக்கு முடிவு பண்ணிட்டேன், உங்களுக்கு முழு வைத்தியமும் முடிச்சு, கைகுடுத்து, வாசல் வரைக்கும் வந்து வழியனுப்பறதுன்னு. தேர்தலாவது ஒண்ணாவது!

இருங்க, அந்தக் கொக்கியை எடுத்துக்கறேன். இந்த டப்பால இருக்கறதை எடுக்கவே பெரும்பாடு... ஆனா ஒண்ணே ஒண்ணு மட்டும் கேட்டுக்கறேன். போன தேர்தல்ல நீங்க இங்க இல்ல, சரி. இருந்த ஊர்ல? அங்கயும் கவுன்சிலர் தேர்தல் நடந்திருக்குமில்ல? படிச்சவனுக்குப் போட்டீங்களா, இல்ல இந்த மாதிரி வாயில்லாப் பூச்சி எவனுக்காவது... சும்மா தலையை ஆட்டினாப் போதும். ஆட்டினீங்களா? நான் திரும்பி நிக்கறேன், தெரியல...

சார்?

சார், எங்க எழுந்துட்டீங்க? கழுத்துல கட்டின துணி... அது வாசலுக்குப் போற கதவு இல்ல சார், அது என் சம்சாரத்தோட... தட்டாதீங்க! நான் பேசல, இந்தாங்க, வாயைப் பொத்திக்கறேன், பாருங்க...

போயிட்டாரு.

...என்னம்மா? ஆமா, உள்ள வந்தாரா? உக்கார வை, ஊசி போட்டாச்சு, மரத்திருக்கும். ...இல்ல, தேர்தலைப் பத்தி ஒரு வார்த்தை பேசல. ...அவரே சொன்னாரா? மரத்த வாயாலயா? ...ஏணியா? மாடிப்படிக்குக் கீழ இருக்கும். ...இல்லம்மா, கோவம் இல்ல. நீ அவர் பல்லைப் பார்த்து முடிச்சுட்டு வா. ஏணி ஆடும், நான் பிடிச்சுக்கறேன். நீ ஏறிக் கழட்டு.

...சரி. பேசாமதான் பிடிப்பேன்.