தோடு போன வழி

வாசுகி: மோட்டார் சைக்கிள் சாவிய அங்கேயே வச்சிட்டு உக்காரு தாசு. கோப்பி ஆறுது.

காளிதாசன்: வந்து குடிக்கிறேன்க்கா. காலையில போலீஸ் பாலாய்ல கூட்டம் இருக்காது. அஞ்சு நிமிசத்துல ரிப்போட் அடிச்சிரலாம்.

வாசுகி: நேத்துதான் தஞ்சோங் டாவாய்க் கடல்ல அம்மா சாம்பலக் கரைச்சோம். இன்னைக்கே போலீஸா?

காளிதாசன்: பெத்தவ காதுல இருந்த செவப்புக்கல் தோட்ட ஒருத்தி கழட்டிட்டுப் போயிருக்கா. பொணத்துக் காதுலேர்ந்துக்கா. விட்டுரச் சொல்றியா?

வாசுகி: எங்கயாவது விழுந்திருக்கும்லா. தூக்கும்போது... குளிப்பாட்டும்போது...

காளிதாசன்: ரெண்டுமா? திருகாணியோடவா?

வாசுகி: எப்பத் தெரிஞ்சுச்சு ஒனக்கு?

காளிதாசன்: பொட்டிய மூடறதுக்கு முன்னால கழட்டிரலாம்னு குனிஞ்சேன். ரெண்டு காதும் வெறுங்காது. பக்கத்துல பண்டாரம் மணியாட்டிக்கிட்டு நிக்கிறாரு. வாயத் தொறந்து கேக்கவும் முடியல.

வாசுகி: சரி, யாருனு ரிப்போட் குடுப்ப?

காளிதாசன்: குளிப்பாட்டுனது யாரு? நீயும் பக்கத்து வீட்டுத் தேவகியும். நீ பெத்த மக, எடுக்க மாட்ட. மிச்சம் யாரு?

வாசுகி: கணக்குல புலிதான். எஸ்.பி.எம். பரிச்சையில மட்டும் எப்படிக் கோட்டை விட்ட?

காளிதாசன்: சிரிக்காதக்கா. அன்னைக்குக் குளிப்பாட்டிட்டுப் போனவதான். சுடுகாட்டுக்குப் போகும்போதுகூட வாசல்ல வந்து நிக்கல. இன்னைக்கு வரைக்கும் அந்தக் கதவு தொறக்கல. ஏன்? மூஞ்சியக் காட்ட முடியல.

வாசுகி: பள்ளிக்கூடக் கேன்டீன்ல சமைக்கிறா அவ. போலீஸ் காடி வாசல்ல வந்து நின்னுச்சுன்னா அந்த வேலையும் போயிரும். திருடின்னு பேராயிரும். நல்லா யோசிச்சுக்கோ.

காளிதாசன்: அத அவ யோசிச்சிருக்கணும்.

வாசுகி: தாசு... அங்க அதே சார்ஜன்தானே இருப்பாரு? சாவு பெர்மிட் எழுதிக் குடுத்தவரு?

காளிதாசன்: இருந்தா என்ன?

வாசுகி: வீட்லயே செத்துட்டாங்கன்னு போய்ச் சொன்ன. எப்படின்னு கேட்டாரு. 'சாக்கிட் துவா', வயசாயிருச்சு, வேற ஒண்ணுமில்லன்னு சொல்லிக் கையெழுத்துப் போட்டுட்டு வந்த.

காளிதாசன்: ஆமா. எழுபத்தெட்டு வயசு. பொய்யா?

வாசுகி: இப்பத் தோட்டக் காணோம்னு போய் நின்னா, தேவகியக் கூப்பிட்டுக் கேப்பாங்க. எப்பக் குளிப்பாட்டுன, யாரு கூட இருந்தா... ஒடம்புல என்ன பார்த்தன்னு.

காளிதாசன்: ஒடம்புல என்ன இருந்துச்சு?

வாசுகி: கோப்பியக் குடி.

காளிதாசன்: என்ன இருந்துச்சுக்கா?

வாசுகி: நீ சொல்லு.

காளிதாசன்: எனக்கென்ன தெரியும்?

வாசுகி: பொணத்துக்குக் கட்ட விரல் ரெண்டையும் சேர்த்து ஒரு துணிக் கிழிசலால கட்டுவாங்க. அவ்வளவுதான் வழக்கம். நான் மணிக்கட்ட சுத்தி, முழங்கை பாதி வரைக்கும் வெள்ளத் துணி சுத்துனேன். பெரியப்பா மகன்கூட ஏன்மா இப்படின்னு கேட்டாரு. எங்க மாமியார் வீட்ல இப்படித்தான்னு பொய் சொன்னேன்.

காளிதாசன்: நானும் பார்த்தேன். ஜித்ரா பக்கத்து வழக்கம்னு நெனச்சேன்.

வாசுகி: நெனச்சியா?

காளிதாசன்: ...நெனச்சுக்கப் பார்த்தேன்.

வாசுகி: நல்ல வேளை, குளிப்பாட்ட ஆரம்பிச்சதும் மத்த பொம்பளைங்கள வெளிய அனுப்பிட்டேன். தேவகி செம்புல தண்ணி மோந்துக்கிட்டு இருந்தா. அம்மா கைய நான் தூக்குனேன். ரெண்டு மணிக்கட்டும் கன்னிப்போய், வளையல் போட்ட மாதிரி கறுப்பா... செம்ப அப்படியே கீழ வச்சிட்டா.

காளிதாசன்: அவ பார்த்துட்டாளா?

வாசுகி: பார்த்தா. அப்பத்தான் தோட்டக் கழட்டி அவ கையில திணிச்சேன்.

காளிதாசன்: நீயா? நீயே குடுத்தியா?

வாசுகி: வேணாம் வாசுகின்னு கையெடுத்துக் கும்பிட்டா. நான் விடல. இடுப்புல சொருகிட்டு, வெளிய சொல்லிராதடின்னேன். அந்த வெக்கத்துலதான் கதவச் சாத்திக்கிட்டு உக்காந்திருக்கா. அவ மேலதான் நீ ரிப்போட் அடிக்கப் போற. சாவியக் கீழ வையி தாசு.

காளிதாசன்: பன்னெண்டு மணி நேர ஷிப்ட்க்கா. பொண்டாட்டியும் விட்டுட்டுப் போய்ட்டா. வீட்ல வேற யாரு இருக்கா? அம்மா நெனவு தப்பி ரெண்டு தடவ நைட்டியோட குரூண் ரோட்டுல எறங்கி நடந்துருச்சு. லாரிக்காரன் பிரேக் போட்டுத் திட்டிக்கிட்டே கூட்டியாந்து விட்டான். பூட்டிட்டுப் போனா கதவுல தலைய மோதிக்குது...

வாசுகி: தெரியும்.

காளிதாசன்: காலையில ஊட்டிட்டுத்தான் கட்டுவேன். மத்தியானம் மோட்டார்ல ஓடியாந்து அவுத்து விட்டு, சோறு ஊட்டிட்டுப் போவேன். சாமி சத்தியமா கயிறால கட்டலக்கா.

வாசுகி: துண்டுதானே. தெரியும். அம்மாவோட பச்சைக் கோடு போட்ட துண்டு.

காளிதாசன்: ...அது எப்படி ஒனக்குத் தெரியும்?

வாசுகி: எப்படின்னா... கட்டில்ல கெடந்துச்சு.

காளிதாசன்: கெடக்கலக்கா. மூச்சு நின்னுருச்சுன்னு தெரிஞ்சதும் மொதல்ல நான் செஞ்ச வேலையே அத எடுத்து ஒளிச்சதுதான். ஒனக்குப் போன் அடிச்சதே அதுக்கப்புறம்தான்.

வாசுகி: விடு தாசு.

காளிதாசன்: எப்பப் பார்த்த?

வாசுகி: பொங்கலுக்கு மறு வாரம் நான் வந்துட்டுப் போகல? நீ வேலைக்குப் போயிருந்த.

காளிதாசன்: அப்பவேவா? பார்த்துட்டு ஏன்க்கா ஒரு வார்த்த கேக்கல? போன் அடிச்சுத் திட்டியிருக்கலாம்ல. வந்து நாலு அறை விட்டிருக்கலாம்ல...

வாசுகி: எந்த வாயால கேப்பேன். கட்ட அவுத்துத்தான் விட்டேன். அன்னைக்கு அம்மாவுக்கு என்னைய நல்லா அடையாளம் தெரிஞ்சுச்சு. வாசு, நானும் ஒங்கூடவே ஜித்ராவுக்கு வந்துர்றேன்னு செருப்பத் தேட ஆரம்பிச்சிருச்சு. என் வீட்ல ஒத்துக்க மாட்டாங்க... பஸ்ஸுக்கும் நேரமாச்சு. உக்காரும்மான்னேன். அதுவா ரெண்டு கையையும் நீட்டுச்சு தாசு... அதே துண்டால நானேதான் திரும்பக் கட்டிட்டுப் போனேன்.